அமுக்கிராக் கிழங்கும் மனவழுத்தமும்

அமுக்கிரா நமது சுதேச வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் மூலிகையாகும். அசுவகந்தா எனவும் இது வழங்கப்படும். கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி வரட்சியைத் தாங்கி வளரும். மருந்தாவது இதன் வேரே. மனவழுத்தத்தைத் தணிக்கும் மருந்தென இதற்குக் கேள்வி பெருகியுள்ளமையால், இதனை விளைவிப்போரும் தாமாகவே உண்போரும் இதன் செயலையும் எல்லையையும் அறிந்திருத்தல் அவசியம்.

உடலில் நிகழ்வது

அச்சமோ கவலையோ நேரும்போது மூளை கபச்சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனற் சுரப்பிகளைத் தூண்ட, அவை கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் சேர்க்கும். கோட்டிசோல் குருதியிலுள்ள வெல்லத்தை உயர்த்தி, ஆபத்தை எதிர்க்க உடலை ஆயத்தஞ் செய்கின்றது. ஆபத்து நீங்கியதும் அது தணிதல் இயல்பு. மழை பொய்த்தல், கடன் முதலிய கவலைகள் மாதக்கணக்கில் நீடிப்பின் அது தணியாது நின்று, நித்திரையைக் கெடுத்துக் குருதியமுக்கத்தையும் உயர்த்தக்கூடும்.

அமுக்கிராவின் செயல்

நெருக்கடியைத் தாங்க உடலுக்குத் துணைபுரியும் பொருள்களுக்குச் சோவியத் அறிஞர் லாசரேவ் 1947 ஆம் ஆண்டில் ‘அடப்டொஜென்’ எனப் பெயரிட்டார். அமுக்கிராவும் இவ்வகையிற் சேர்க்கப்படுகின்றது. 2012 இல் இந்தியாவில் வெளியான ஆய்வொன்றில் 64 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். வேரின் சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 60 நாள்கள் உண்டோரில் கோட்டிசோல் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. போலிக் குளிகை உண்டோரில் 8 சதவீதமே குறைந்தது. எனினும், ஆய்வு சிறியது, காலமும் குறுகியது.

எச்சரிக்கை

கருப்பிணிகள் இதனை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். ஈரல் நோய், தைரொயிட்டு நோய் உடையோரும் நித்திரை மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது. சிலரில் ஈரல் பாதிப்புற்றமை பதிவாகியுள்ளது. கண்கள் மஞ்சளாயின் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்க.

கமக்காரர் கவனிக்க

1. நீர் தேங்காத மணற்பாங்கான நிலத்தைத் தெரிவு செய்க. நீர் தேங்கின் வேர் அழுகும்.

2. விதைத்து 5 முதல் 6 மாதங்களில், இலைகள் காய்ந்து பழங்கள் சிவக்கும்போது செடியை வேருடன் பிடுங்குக.

3. தண்டை வெட்டி நீக்கி, வேரைக் கழுவி, 3 அல்லது 4 அங்குலத் துண்டுகளாக்கி நன்கு உலர்த்துக. பூஞ்சணம் பிடித்தவற்றை ஒதுக்குக.

4. நிறையைக் கூட்டுவதற்காக இலையையோ தண்டையோ கலவாதீர். இலையைப் பயன்படுத்த வேண்டாமென இந்திய ஆயுஷ் அமைச்சு 2021 இல் உற்பத்தியாளரைக் கேட்டுக்கொண்டது. நீர் கட்டும் சாக்கு நோயாளியொருவரின் கையைச் சென்றடையும் என்பதை மறவாதீர்.

அமுக்கிரா கடனைத் தீர்க்காது, மழையையும் தராது. நித்திரையின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடிப்பின் வேரை நம்பிக் காத்திராது வைத்தியரை நாடுக.