தாம்பரம் சொன்ன பாடம்

"ஒரே வேதத்தைப் படிக்கிறீர்கள், ஒரே ஆண்டவரைத் தொழுகிறீர்கள், தேர்தல் வந்தால் மட்டும் ஆளுக்கொரு கொடி பிடிக்கிறீர்களே, இதுதானா உங்கள் ஒற்றுமை?"

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் கிறிஸ்தவத் தோழர்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் இரு வகையினர். ஒருவர், எள்ளி நகையாடக் கேட்பவர். மற்றவர், "ஒற்றுமை வேண்டும், ஆகவே வாயை மூடிக்கொள், பெரியவர்கள் காட்டும் சின்னத்துக்கு வோட்டைப் போடு" என்று அடக்கி வைக்கக் கேட்பவர். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒற்றுமை வேறு, ஒத்தூதுவது வேறு என்பதை மறந்து பேசுகிறார்கள்!

தொழிலாளத் தோழனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே யந்திரத்தின் இரு பக்கமும் நிற்கிற இருவர், இரு வேறு கட்சிக்காரராக இருப்பார்கள். சாப்பாட்டு வேளையிலே சண்டைகூட வரும். ஆனால் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் என்றால் இருவரும் ஒரே வாசலில் நிற்பார்கள். கருத்து வேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை. காட்டிக்கொடுப்பதுதான் பிரிக்கும்.

இந்தப் பாடத்தை உலகுக்கே எடுத்துக்காட்டிய இடம் நம் தாம்பரம் என்றால் நம்புவீர்களா? ஆம், தோழர்களே! 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் மாநாடு தொடங்கிற்று. நகரத்தை விட்டு அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்தே இரண்டாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் அளவில் வந்து குவிந்தனர். வெள்ளையர் மட்டும் கூடிக் கலையும் மாநாடாக அது இல்லை. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் பெருந்திரளாக வந்து அமர்ந்து பேசிய மாநாடு அது.

ஆனால் மாநாடு நடந்திருக்க வேண்டிய இடம் தாம்பரம் அல்ல. சீனத்து ஹாங்சௌ நகரம். 1937-இல் ஜப்பானிய ராணுவம் சீனத்தில் புகுந்து ஊர்களைக் கொளுத்திற்று. ஆகவே மாநாடு இங்கே மாற்றப்பட்டது. டிசம்பர் 13-ஆம் நாள் நாங்கிங் நகரம் வீழ்ந்தது. அங்கே நடந்த கொலைவெறியை உலகம் இன்றளவும் மறக்கவில்லை. அந்தக் கொடுமைக்கு ஓராண்டு நிறைய ஒரு நாளே பாக்கி இருக்கும்போது, தாம்பரத்தில் சீனரும் ஜப்பானியரும் ஒரே மாநாட்டில் அமர்ந்தார்கள்! நாங்கிங்கில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் புகலிடமான ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவி வூ யீபாங் அம்மையாரும் வந்திருந்தார். அவர் மனத்தில் எரிந்த தீயை யார் அளக்க முடியும்? ஆயினும் அவர் எழுந்து போய்விடவில்லை.

ஜப்பானிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ககாவா. கோபே நகரத்துச் சேரியில் ஏழைகளோடு குடியிருந்தவர்; 1921-இல் கப்பல் கட்டும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். மாநாடு முடிந்ததும், 1939 ஜனவரியில் காந்தியாரைச் சந்தித்தார். "என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற பொருளில் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டுச் சாகத் துணிவேன் என்பதே காந்தியார் தந்த மறுமொழியின் சாரம். 1940-இல், சீனருக்கு இழைத்த கொடுமைக்கு மன்னிப்புக் கோரியவர் என்பதற்காக, ககாவாவை ராணுவப் போலீஸ் பிடித்து அடைத்தது. பின்னாளில் போர்க்காலத்தில் அவருடைய குரலும் தடுமாறியது உண்டு. ஆனாலும் சொந்த நாட்டின் குற்றத்தைக் குற்றம் என்று சொன்னாரே, அந்த நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்?

வாயை மூடிக்கொண்டா கூடிக் கலைந்தார்கள்? இல்லை. ஜெர்மானியப் பேராளர்கள் தங்கள் மாறுபட்ட கருத்தைத் தனி அறிக்கையாகவே தந்தார்கள். மற்ற மதங்களை எப்படிப் பார்ப்பது என்பதில் டச்சு அறிஞர் கிரேமருக்கும், அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹாக்குக்கும் பெரும் வாதம் மூண்டது. மோதினார்கள், ஆனால் முறித்துக்கொள்ளவில்லை.

"பேசிக் கலைந்தார்கள், போரைத் தடுத்தார்களா?" என்று கேட்கலாம். தடுக்கவில்லை. 1939-இல் உலகப் போரே மூண்டது. ஆனால் ஒன்றைச் செய்தார்கள். ஜெர்மனியிலிருந்து பணம் வரும் வழி அடைபட்டு, அந்நாட்டு மிஷன்கள் திக்கற்று நின்றபோது, அதே கவுன்சில் "அநாதையான மிஷன்கள்" என்று பெயரிட்டு நிதி திரட்டி அவற்றைத் தாங்கிற்று. ஜெர்மனியோடு போரிட்ட நாடுகளின் கிறிஸ்தவர்களும் அதற்குக் கைகொடுத்தார்கள். மேடையிலே தழுவிக்கொள்வது எளிது. எதிரி நாட்டான் தொடங்கிய பணிக்குப் படியளப்பதுதான் ஒற்றுமை!

ஆனால் எல்லாவற்றையும் "கருத்து வேறுபாடு" என்று விட்டுவிடலாமா? கூடாது! தாம்பரத்துக்கு வந்தவர்களில் தென்னாப்பிரிக்காவின் லுத்துலியும் ஒருவர். 1952-இல், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசை விட மறுத்ததால், வெள்ளை அரசு அவருடைய குலத்தலைவர் பதவியைப் பறித்தது. 1960-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் நாட்டு வெள்ளையர் திருச்சபைகள் நிறவெறிக்கு வேதத்திலேயே ஆதாரம் தேடின. 1982-இல், ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டணி, அந்த நியாயத்தை வேதப்புரட்டு என்று அறிவித்து, அப்படிப்பட்ட இரு சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. எந்தக் கட்சி நல்லது என்பது கருத்து. எதிரே நிற்பவன் மனிதனே அல்ல என்பது கருத்தாகாது, அது கொடுமை!

தமிழகத்தில் செத்தவரைப் புதைக்கும் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர் உண்டு. அந்தச் சுவரைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, கட்சிக் கொடி இரண்டாக இருப்பதைக் கண்டு மட்டும் "ஐயோ, ஒற்றுமை போயிற்றே" என்று புலம்புவது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! ஆலயத்துக்குள்ளே யாரும் யாருடைய வோட்டுக்கும் சொந்தக்காரர் அல்ல. பேசுங்கள், வாதாடுங்கள், உங்கள் கொடியை உயர்த்திப் பிடியுங்கள். ஆனால் மாற்றுக் கட்சித் தோழன் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாய்ப் போய்த் தோள் கொடுங்கள். சாதியின் பேரால் ஒருவனைத் தள்ளி வைத்தால், அங்கே இரு கொடிக்காரரும் ஒன்றாய் நின்று எதிர்க்குரல் எழுப்புங்கள்!