செத்துக் கிடந்த பூனைகளும் ஒரு நல்ல புகாரும்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில் 2015 டிசம்பரில் பூனைகள் சாகத் தொடங்கின. மலையைக் குடைந்து குள்ளர்கள் கட்டும் கோட்டையை நாம் நிர்வகிக்கும் விளையாட்டு அது. அமெரிக்காவின் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2002 முதல் உருவாக்கி வருவது. அப்போது நிரல் எழுதியவர் டார்ன் ஒருவரே. அந்த மாதம் வந்த புதிய பதிப்பில் குள்ளர்களுக்கு மதுச்சாலைகள் கிடைத்தன. கொஞ்ச நாளில் புகார் வந்தது: மதுச்சாலையில் பூனைகள் செத்துக் கிடக்கின்றன, சுற்றிலும் வாந்தி.

டார்ன் தேடிப் பார்த்தார். போதையில் குள்ளர்கள் மதுவைத் தரையில் சிந்துகிறார்கள். பூனை அதில் நடக்கிறது, பாதத்தில் மது ஒட்டுகிறது. பூனைகள் தம் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். நக்கியது வயிற்றுக்குள் போகும் என்பதும் நிரலில் இருந்தது. ஆனால் ஒரு துளியாகக் கணக்கிட வேண்டியதை, நிரல் முழுக் குவளையாகக் கணக்கிட்டது. போதையோ உடலின் அளவைப் பொறுத்தது. பூனைக்கு உடம்பு எவ்வளவு? தனித்தனியாகப் பார்த்தால் எல்லா விதிகளும் நியாயமானவை. பிழை அவை சந்தித்த இடத்தில் ஒளிந்திருந்தது.

அந்தப் புகார் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘பூனைகள் பலவீனமாக இருக்கின்றன, வலுவைக் கூட்டுங்கள்’ என்று மட்டும் யாராவது எழுதியிருந்தால், டார்ன் ஒரு எண்ணை மாற்றியிருக்கலாம். குவளைக் கணக்கு அப்படியே கிடந்திருக்கும். வந்தது பரிந்துரை அல்ல, சாட்சியம். இடம் மதுச்சாலை, அடையாளம் வாந்தி. அந்த இரண்டு விவரமும் சேர்ந்து வழியைக் காட்டிவிட்டன.

பெரிய நிறுவனங்களில் சோதனைக்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. ஒருவர் இருவராகச் செய்யும் விளையாட்டுகளுக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் விளையாடுபவர்களே செய்கிறார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2013-இல் தொடங்கிய ‘ஏர்லி ஆக்சஸ்’ முறையில், இன்னும் முடிக்கப்படாத விளையாட்டையே விலைக்கு வாங்கி ஆடலாம். சியாட்டிலில் அந்தோணி ஜியோவனெட்டி, கேசி யானோ இருவரும் தொடங்கிய ‘ஸ்லே த ஸ்பயர்’ சீட்டு விளையாட்டு 2017 நவம்பரில் அப்படித்தான் வெளிவந்தது. 2019 ஜனவரியில்தான் முழுமையானது. இடைப்பட்ட காலத்தில் யார் எந்தச் சீட்டை எடுத்தார்கள், எந்த எதிரியிடம் தோற்றார்கள் என்ற தரவுகளைத் திரட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள்.

தரவே எல்லாம் சொல்லிவிடுமே, நாம் எதற்கு எழுத வேண்டும்? ஒரு சீட்டை யாரும் எடுப்பதில்லை என்று தரவு சொல்லும். அதன் வாசகம் புரியவில்லையா, வலு குறைவா, பார்க்கவே சலிப்பா என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ ஆடியவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் முதல் முறை ஆடும்போதே குறிப்பெடுங்கள். கதவு எங்கே என்று தெரியாமல் சுற்றிய ஐந்து நிமிடம் விலைமதிப்பற்றது. இரண்டாம் முறை உங்களுக்கே அது மறந்துவிடும். உருவாக்கியவருக்கு அந்தக் கண் எப்போதோ போய்விட்டது. கதவை அங்கே வைத்தவரே அவர்தானே! ‘போரடிக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் கை தளர்ந்தது, அப்போது என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிழை என்றால் பதிப்பு எண், கணினி விவரம், அதற்கு முன் செய்த காரியங்கள் வரிசையாக. மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா என்பது மிக முக்கியம். சேமித்த ஆட்டக் கோப்பை அனுப்ப முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

தீர்வு சொல்லவே கூடாதா? சொல்லலாம், கடைசியில், தனியாக. எதிரியின் வலுவைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறீர்கள். உண்மையில் அவன் அடிக்கப்போவது முன்கூட்டித் தெரியாததுதான் உங்கள் கோபமாக இருக்கலாம். கோபத்தைச் சொன்னால் உருவாக்கியவருக்குப் பத்து வழி திறக்கும். வலுவைக் குறைக்கச் சொன்னால் ஒரே வழி.

பிடித்ததையும் எழுதுங்கள், மரியாதைக்காக அல்ல. எது நன்றாக இருக்கிறது என்று உருவாக்கியவருக்குத் தெரியாவிட்டால், அடுத்த திருத்தத்தில் அதையே அவர் வெட்டிவிடக்கூடும்.

திருத்தம் வந்ததும் பழைய இடத்துக்கே போய் மறுபடி ஆடிப் பாருங்கள். சரியாகிவிட்டதா, வேறெங்காவது புதிதாக ஏதாவது கெட்டிருக்கிறதா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.