சாலைக் கடைத்தெரு – 17: பேரம் பேசுகிறவரே வாங்குகிறவர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்று வியாபாரத்தைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். விலையைக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் நகர்கிறவரைக் கடைக்காரர் பொருட்படுத்துவதில்லை. பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்து, ஓசை போதவில்லையென்று குறை கூறி, சொன்ன விலையில் பாதியைக் கேட்கிறவரைத்தான் உட்காரச் சொல்லுகிறார். குறை கூறுவது வாங்க வந்தவரின் லட்சணம் என்பது தலைமுறை தலைமுறையாக இத்தெரு கற்றுவைத்திருக்கும் பாடம். ஆனால் இத்தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரசாங்கக் காரியாலயங்கள் அந்தப் பாடத்தை இன்னும் முழுதாகக் கற்றபாடில்லை.

திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கேக்கோட்டையிலிருந்து கிள்ளியாற்றங்கரை நோக்கி இந்தக் கம்போளத்தை நிறுவிய வரலாற்றையும், நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து இங்கே கடை விரித்த தமிழ்க் குடும்பங்களையும், கல்லாவில் அமர்ந்தபடியே இத்தெருவின் அடிமட்ட ஜனங்களை இலக்கியத்தில் ஏற்றிவைத்த ஆ. மாதவனையும் பற்றி முந்திய வாரங்களில் பேசினோம். இவ்வாரம் கடைகளை விட்டிறங்கி, தெற்கே ஒரு சந்து வழியாக நடந்து, அட்டக்குளங்கரையை அடுத்த கரிமடத்துக்குப் போகலாம்.

ஒரு பெரிய கடைத்தெரு எங்கே தோன்றுகிறதோ, அதன் நிழலில் ஒரு நெருக்கமான குடியிருப்பும் தோன்றிவிடுவது உலக இயல்பு. விடியுமுன் வந்து நிற்கும் காய்கறி லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவரும், கடை மூடியபின் தெருவைப் பெருக்குகிறவரும், நாள் முழுதும் நின்று பூக்கட்டி விற்கிற பெண்ணும், பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல் நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் படுத்துறங்க முடியும். ஆகவே, ‘இவர்கள் ஏன் இந்தப் பள்ளத்தில், இந்தச் சாக்கடையோரத்தில் வந்து ஒண்டிக்கொண்டார்கள்?’ என்று கேட்கிறவர்கள், தாம் வாங்கிய கத்தரிக்காய் எவர் தலைமேல் ஏறி வந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும்.

கரிமடம் தாழ்வான நிலம், நடுவே குளம். மழைக்காலத்தில் குளத்துக்கும் வீட்டுக்கும் எல்லை அழிந்துபோகிற அவலத்தை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மத்திய அரசு 2005-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்பு இயக்கத்தில், நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதிகள் என்ற பிரிவு ஒன்று இருந்தது. அதன்கீழ் இங்கே குடியிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு, அதே இடத்தில் புதிய வீடுகள் கட்டிக்கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. கேரளத்தில் அப்பிரிவை நடத்தும் பொறுப்பு, மாநில அரசின் வறுமை ஒழிப்பு அமைப்பான குடும்பஸ்ரீயிடம் இருந்தது. கட்டட அமைப்பை ஏற்றுக்கொண்டது, 1985-ம் ஆண்டு முன்னாள் முதல் மந்திரி அச்சுத மேனன் முதலியோரின் முயற்சியால் பிறந்த காஸ்ட்போர்ட் நிறுவனம்.

காஸ்ட்போர்ட் என்றவுடன் லாரி பேக்கரின் நினைவு வராமல் போகாது. இங்கிலாந்திலே பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்த பின் இந்தியாவையே தம் தேசமாக வரித்துக்கொண்டு, கடைசிக் காலம் வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் இங்கேயே மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற யுக்தியால் செங்கல் செலவில் ஏறக்குறைய கால் பங்கை மிச்சப்படுத்தினார். கூரைக் கான்கிரீட்டில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். எனினும் அவருடைய யுக்திகளிலெல்லாம் மேலான யுக்தி, வீட்டில் குடியிருக்கப் போகிறவர் எப்படி வாழ்கிறார் என்று முதலில் கேட்டறிந்து, பிறகே காகிதத்தில் கோடு போடுவதுதான். கரிமடத்தில் பூச்சில்லாத செங்கற் சுவர்களோடு, வானளாவாமல் சில மாடிகளே கொண்டு எழுந்த முதற் கட்டக் குடியிருப்புகள், அவர் வழி வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கட்டியவை.

அவ்வாறு கேட்கும்பொழுது ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துப் பெண்கள் வட்டமாக அமர்ந்திருக்கும் கூட்டங்களில், ஏறக்குறைய எல்லா ஊர்களிலும், எழுகிற கேள்விகள் சிலவே. அவை அற்பமானவை போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் ஒரு குடித்தனத்தின் ஆதாரத்தைத் தொடுபவை.

முதற் கேள்வி, கணக்கெடுப்பைப் பற்றியது. உத்தியோகஸ்தர் கதவுகளை எண்ணுகிறார். குடியிருப்பவரோ அடுப்புகளை எண்ணுகிறார். ஒரு கதவுக்குப் பின்னே தாய் ஒருத்தி, மணமான மகன் ஒருவன், கணவனை இழந்து திரும்பிய மகள் ஒருத்தி என மூன்று அடுப்பு புகையுமானால், கிடைக்கப் போவது ஒரு வீடா, மூன்று வீடா? அந்த இயக்கத்தின் விதி ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குச் சற்றுக் குறைவான பரப்பை வகுத்திருந்தது. மூன்று அடுப்புகளை அதற்குள் அடக்குவது எவ்வாறென்று விதி சொல்லவில்லை, ஆதலால் கேட்கிறார்கள்.

இரண்டாவது, மாடியைப் பற்றியது. தரையில் வாழ்ந்தவருக்கு வாசற்படி என்பது வீட்டின் பாதி. அங்கேதான் மீன் கழுவுவதும், பூத்தொடுப்பதும், தள்ளுவண்டி நிறுத்துவதும், மாலையில் ஊர்க்கதை பேசுவதும் நிகழ்கின்றன. மூன்றாம் மாடிக்குக் குடியேறினால் தள்ளுவண்டி எங்கே நிற்கும்? முடக்குவாதம் கண்ட கிழவரை யார் தூக்கிச் செல்வார்? தண்ணீர் தானாக மேலே ஏறுமா, மோட்டார் பழுதுபட்டால் பழுது பார்க்கும் செலவை எவர் ஏற்பார்? இவற்றோடு, சற்றுத் தாழ்ந்த குரலில், மற்றொன்றையும் கேட்பார்கள்: குறுகலான மாடிப்படியில் ஒரு சவத்தை எப்படிக் கீழே இறக்குவது? வரைபடத்தில் படிக்கட்டின் அகலத்தை நிர்ணயிக்கிறவர்களின் சிந்தையில் இது எளிதில் தோன்றுவதன்று. சாவு வீட்டில் தோள் கொடுத்துப் பழகியவர்களுக்கோ முதலில் தோன்றுவது இதுதான்.

மூன்றாவது, இடைக்காலத்தைப் பற்றியது. பழைய வீட்டை இடித்தபின் புதியது எழும் வரை எங்கே தங்குவது? அந்த இடைக்காலம் எத்தனை மாதம்? நான்காவது, பட்டயத்தைப் பற்றியது. கையில் கிடைக்கப் போவது உரிமைப் பத்திரமா, அல்லது ‘இருந்துகொள்’ என்ற அனுமதிதானா?

இக்கேள்விகளையெல்லாம் தொகுத்து, ‘ஆட்சேபங்கள்’ என்று தலைப்பிட்டு, ஒரு கோப்பில் கட்டி வைப்பது காரியாலய வழக்கம். ‘ஜனங்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று பத்திரிகைச் செய்தி வருவது அதன் தொடர்ச்சி. ‘வேண்டாம்’ என்பது ஒன்று, ‘இப்படி வேண்டாம்’ என்பது மற்றொன்று என்ற பேதத்தைக் கோப்பு அறியாது. குத்துவிளக்கைத் தட்டிப் பார்க்கிறவரின் முகத்தைக் கண்டு சாலைக் கடைக்காரர் அறிவார். படிக்கட்டின் அகலத்தைக் கேட்கிறவர், அந்தப் படிக்கட்டில் ஏறி வாழப்போவதாகத் தம் மனத்திலே தீர்மானித்துவிட்டவரல்லவா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ‘வரி கட்டுகிறவன் பணத்தில் இனாமாக வீடு வாங்கிக்கொண்டு, அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள், இவர்களுக்கு அபிப்பிராயம் வேறா?’ என்று நடுத்தர வர்க்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. இனாம் என்பது சரியன்று. மேற்சொன்ன திட்டத்தின் விதியே, பயனாளி தம் பங்காக 12 சதவீதமும், தாழ்த்தப்பட்டவர் முதலியோர் 10 சதவீதமும் செலுத்த வேண்டும் என்றிருந்தது. வாடகைக்கு விட்டுப் போகிறவர்கள் இல்லாமலில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவரே பெரும்பாலும் அப்படித் திரும்பி ஓடுகிறார்.

சென்னையின் அனுபவம் இதற்குச் சாட்சி. 1970-ல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பும் கொள்கையைப் பெரிதும் கைக்கொண்டது; பின்னர் 2000-ம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகரிலும், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களிலும், ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் விளிம்புக்கு அனுப்பியது. கூவக்கரையிலே பிழைத்தவருக்கு 20 கிலோமீட்டருக்கு அப்பால் வீடு கிடைத்தது. பிழைப்பு கூவக்கரையிலேயே நின்றுவிட்டது. 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. அதே ஆண்டில்தான் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்து வந்ததைக் குடியிருப்போர் ஊரறியக் காட்டினார்கள். விளக்கைத் தட்டிப் பார்த்த ஓசை அது.

பம்பாய்த் தாராவியில் நெல்லைச் சீமைத் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கும் கதவா அடுப்பா என்ற வழக்கு ஓயவில்லை. 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு என்றும், பின்னால் வந்தவருக்கும் மேல்தளத்தில் இருப்பவருக்கும் வெளியே வேறு ஏற்பாடு என்றும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் பிரிக்கிறது. ஒரே ஏணியின் கீழ்ப்படியில் அண்ணனும் மேற்படியில் தம்பியும் இருந்தால், ஒரு தேதியும் ஒரு தளமும் சேர்ந்து குடும்பத்தை இரு நகரங்களாக்கிவிடும். கணக்கெடுக்க வந்தவர்களுக்கு அங்கே சிலர் கதவைத் திறக்க மறுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். தம்பானூருக்கு அருகே செங்கல்சூளை என்றொரு குடியிருப்பு. 1869-ல் திறக்கப்பட்ட ஹஜூர்க் கச்சேரிக்கு, அதாவது இன்றைய தலைமைச் செயலகத்துக்கு, வேண்டிய செங்கல்லைச் சுட்ட சூளை அங்கே இருந்ததாக ஊர் வழக்கு. ராஜ்யத்தின் அதிகார பீடத்துக்குக் கல் சுட்டுக் கொடுத்த இடம், அந்தப் பீடத்தின் கண்ணில் சேரியாக நின்றது விதியின் விநோதம். பெயரில் இழிவு ஒட்டிக்கொண்டதென்று அதற்கு ராஜாஜி நகர் என்று பெயர் சூட்டினார்கள். 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், மந்திரி பதவியை விட்டிறங்கும் தறுவாயில் கே. ராதாகிருஷ்ணன், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளைக் ‘காலனி’ என்று அழைக்கலாகாதெனப் பிறப்பித்த உத்தரவும் அதே நல்ல நோக்கத்தில் எழுந்ததே. அவமானச் சொல்லை நீக்குவது அவசியந்தான். எனினும், அங்கேயே பிறந்து வளர்ந்து, ஹரிதகர்ம சேனையில் குப்பை சேகரிக்கும் வேலை செய்துகொண்டே தன் வாழ்க்கையை எழுதி, அந்நூல் கேரளப் பல்கலைக்கழகங்களில் பாடமாகும் பெருமையைப் பெற்ற தனுஜா குமாரி, நூலின் தலைப்பில் செங்கல்சூளை என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டார். பெயரைப் பற்றியும் குடியிருப்பவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கேட்டறிந்து கட்டுவதில் ஒரு சங்கடமும் உண்டு. கேட்பதற்குக் காலம் வேண்டும்; மான்யமோ தேதி குறித்து வருவது. கரிமடத்தில் முதற் கட்ட வீடுகள் எழுந்தபின், மிச்சக் கட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபறியாயின. மூல இயக்கத்தின் காலம் முடிந்து, புதுப்புதுப் பெயர்களில் வேறு திட்டங்கள் டில்லியிலிருந்து வந்தன. ஜனங்களைக் கேட்டதனால்தான் தாமதம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேளாமல் விரைந்து கட்டிய அடுக்குகள் நாடெங்கும் ஆள் குடியேறாமல் பூட்டிக் கிடப்பதையும் அவர்கள் கணக்கில் எழுத வேண்டும்.

பேரம் என்ற உவமையைக் கொண்டு இதுவரை நடந்து வந்தேன். அந்த உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். விலை ஒத்துவராவிட்டால் வாடிக்கைக்காரர் கடையை விட்டிறங்கி நாலடி நடக்கிறார். கடைக்காரர் கூப்பிட்டால் திரும்புகிறார், கூப்பிடாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார். அந்த நாலடிதான் அவருடைய பலம். கரிமடத்துக் குளக்கரையில் குடியிருப்பவருக்கோ, தாராவியில் மேல்தளத்தில் குடியிருப்பவருக்கோ, அடுத்த கடை கிடையாது. பழைய வீடு இடிபட்டபின் நாலடி நடந்தால் அவர் நிற்பது நடுத்தெருவில். ஆகையால் அவருடைய பேரம் முழுவதும் இடிக்குமுன்னரே, அவர் இன்னும் தம் வாசற்படியில் நிற்கும்பொழுதே, முடிந்தாக வேண்டும். அந்த வாசற்படியில் அவரைச் சந்தித்துப் பேசுவதற்கு, கையில் வரைபடத்தோடு போவதைவிட வெறுங்கையோடு போவது நலம்.

(தொடரும்)