ஏரிக்குள் ஒரு வீடு, அதற்கு ஒரு கணக்கு

ஊரில் எங்கள் தாத்தா வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அஞ்சு பங்காளிகள். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாத்த யார் காசு கொடுப்பது என்பதுதான் பஞ்சாயத்து. "பேசாம நாலு ரூமை வாடகைக்கு விட்டு ஹோம் ஸ்டே ஆக்கிடலாம்டா" என்றார் சித்தப்பா. இதை ஏற்கனவே செய்தவர்கள் யார் என்று தேடப்போய், உதய்ப்பூரில் நின்றேன்.

பிச்சோலா ஏரியின் நடுவே இருக்கும் ஜக் நிவாஸ், மேவார் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1743-ல் தொடங்கி 1746-ல் முடித்த கோடை மாளிகை. பிச்சோலா இயற்கை ஏரி இல்லை. நம்ம செம்பாக்கம் ஏரி மாதிரி, கரை கட்டித் தேக்கியதுதான். அப்படியானால் நம்ம ஏரிகளில் ஏன் இப்படி ஒரு மாளிகை இல்லை?

காரணம் தரைதான். நம்முடையவை சமவெளியில் ஆழமில்லாமல் பரவும் பாசன ஏரிகள். ஐப்பசியில் கடல் மாதிரி இருக்கும், சித்திரையில் பாதி சேறு. விளிம்பு எங்கே என்றே சொல்ல முடியாது. (அந்த விளிம்பில் பிளாட் வாங்கியவர்களுக்கு 2015 டிசம்பரில் தெரிந்தது.) பிச்சோலாவில் சுற்றிலும் மலை, நடுவில் சுமார் 4 ஏக்கர் பாறைத் தீவு. அஸ்திவாரம் தயாராகவே இருந்தது.

ஆனால் கட்டுவது ஒரு செலவு, காப்பாற்றுவது தீராத செலவு. சுற்றிலும் தண்ணீர் என்றால் சுவரில் எப்போதும் ஈரம். 1948-ல் மேவார் ராஜஸ்தானோடு இணைந்தது. ராஜ்ஜிய வருமானம் போனது, அரண்மனைகள் மிஞ்சின. 1955-ல் பட்டத்துக்கு வந்த பகவத் சிங் இதை ஹோட்டலாக்கினார். 1963-ல் திறந்தது. வடிவமைப்பு ஆலோசகர் டிடி கான்ட்ராக்டர் என்ற அமெரிக்க ஓவியர். பின்னாளில் இமாச்சலத்தில் மண் வீடுகள் கட்டிப் புகழ்பெற்றவர் இவர்தான்!

எனக்கு முக்கியமாகப் பட்டது 1971. அந்த வருஷம் நடத்தும் பொறுப்பு தாஜ் நிறுவனத்திடம் போனது. மன்னர் மானியம் ஒழிந்ததும் அதே வருஷம்தான். வீட்டை வைத்திருப்பது வேறு, விருந்தினரைக் கவனிப்பது வேறு என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள்.

சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன்: "கட்டில் மெத்தை அப்புறம் வாங்கலாம். முதல்ல அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு பேங்க் கணக்கு திறப்போம். வாடகை வந்தால் அதுல விழட்டும், ஓட்டுக்கான காசு அதுலேர்ந்து போகட்டும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கையெழுத்து யார் போடறது?" என்றார்.