பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியர் நலம்

நோயாளியின் படுக்கையருகே மருத்துவரைக் காட்டிலும் நீண்ட நேரம் இருப்பவர் செவிலியரே ஆதலால், பெருந்தொற்றின் சுமையும் அவர்மீதே முதலில் இறங்குகிறது. உலகச் செவிலியர் நிலை குறித்து உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 2.8 கோடி செவிலியர் பணிபுரிவதாகவும் இன்னும் 59 லட்சம் பேர் தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. இப்பற்றாக்குறையோடுதான் மருத்துவமனைகள் கோவிட்-19 நோயை எதிர்கொண்டன. 2020 ஜனவரி முதல் 2021 மே வரையிலான காலத்தில் மட்டும் செவிலியர், மருத்துவர் உள்ளிட்ட சுகாதாரப் பணியாளர்களில் 80,000 முதல் 1,80,000 பேர் வரை அந்நோயால் இறந்திருக்கக்கூடும் என்று அதே நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது.

உடல் தாங்கும் சுமை

முழுக் கவச உடையை அணிந்தபின் தண்ணீர் குடிப்பதும் கழிப்பறைக்குச் செல்வதும் எளிதல்ல என்பதால், பணிநேரம் முடியும்வரை தாகத்தை அடக்கிக்கொள்ளும் வழக்கம் செவிலியரிடையே பரவலாகக் காணப்பட்டது. அதனால் நீரிழப்பும் தலைவலியும் ஏற்படுவதோடு, சிறுநீரை நெடுநேரம் அடக்குவதால் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் இடமுண்டாகிறது. இறுக்கமான என்-95 முகக்கவசம் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் அழுத்தப்புண்ணை, அதாவது இடைவிடாத அழுத்தத்தால் இரத்த ஓட்டம் குறைந்து தோல் சிதைவதால் உண்டாகும் காயத்தை, ஏற்படுத்துகிறது. மேலும், வென்டிலேட்டரில் உள்ள நோயாளியின் நுரையீரலுக்குப் பிராணவாயு நன்கு சேர்வதற்காக அவரைக் குப்புறப் படுக்கவைக்கும்போது, குழாய்கள் நழுவாதவாறு பலர் சேர்ந்து அவரைத் திருப்ப வேண்டியிருப்பதால், செவிலியரின் முதுகும் தோளும் கடுமையாக உழைக்க நேர்கிறது. இவற்றுடன் இரவுப்பணியும் சேரும்போது, ஒளிக்கும் இருளுக்கும் ஏற்ப உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரம் பிறழ்ந்துவிடுகிறது.

மனம் தாங்கும் சுமை

சீனாவின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளர்களிடம் 2020 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் மூன்றில் ஒரு பங்கினரிடம் உறக்கமின்மையும் காணப்பட்டன. செவிலியர், பெண்கள், வூஹான் நகரில் பணியாற்றியோர், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தோர் ஆகியோரிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

இத்துயரம் ஒரே வகையினதன்று. தணிக்கப்படாத பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றி, பணிமீது விலகலும் கசப்பும் தோன்றி, செயல்திறன் குறையும் நிலை பணிச்சோர்வு எனப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதனை நோயாகக் கொள்ளாமல், பணிச்சூழலால் விளையும் நிலையாகவே வகைப்படுத்துகிறது. செய்யத்தக்கது எதுவென்று தெரிந்தும் கருவியோ ஆளோ நேரமோ இன்மையால் அதைச் செய்ய இயலாதபோது எழும் வேதனை அறத்துயரம் எனப்படும்; உறவினர் அனுமதிக்கப்படாத வார்டுகளில் நோயாளிகள் தனியே இறப்பதைக் காண நேர்ந்த செவிலியர் பலர் இதற்கு ஆளாயினர். இவ்விரண்டினின்றும் வேறான அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறில், கண்ட காட்சிகள் வேண்டாதபோதும் நினைவில் மீள்வதும், அவற்றை நினைவூட்டும் இடங்களை மனம் தவிர்ப்பதும் ஒரு மாதத்திற்கு மேலாக நீடிக்கின்றன.

அறிவுரைக்கு முன் ஓய்வு

இத்துயரத்திற்கு ஆலோசனை வகுப்பே மருந்து என்ற எண்ணத்தை, ஹுனான் மாகாணத்தின் இரண்டாம் சியாங்யா மருத்துவமனையின் அனுபவம் திருத்தியது. கோவிட் தொடக்கத்தில் அங்கு இணையவழி உளவியல் பாடங்கள், தொலைபேசி உதவி, குழுச் செயல்பாடுகள் ஆகியவை ஏற்பாடு செய்யப்பட்டபோதும், எரிச்சலும் பதற்றமும் வெளிப்படையாகத் தெரிந்த செவிலியர் சிலர்கூடத் தமக்குச் சிக்கல் ஏதுமில்லை என்று கூறி உதவியை மறுத்தனர். காரணம் கேட்டறிந்தபோது, பலருக்கும் வேண்டியது உளவியலாளர் அல்லர், இடையூறற்ற ஓய்வும் போதிய பாதுகாப்புப் பொருள்களுமே என்பது புலனாயிற்று. அதன்பின் நிர்வாகம் தங்கும் இடமும் உணவும் அளித்து, பாதுகாப்பு உடை குறித்த விதிகளைத் தெளிவாக்கி, ஒத்துழைக்க மறுக்கும் நோயாளிகளைச் சமாளிக்கக் காவலர்களை அனுப்பியது; ஆலோசகர்களும் ஓய்வறைக்கே சென்று செவிலியர் சொல்வதைக் கேட்கத் தொடங்கினர்.

நிர்வாகம் செய்ய வேண்டுவன

ஓய்வு கிடைக்க வேண்டுமெனில் போதிய ஆள் இருக்க வேண்டும்; எனவே, செவிலியர் நலத்தின் முதற்கூறு ஆள்பலமே. இங்கிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்றிருந்த விகிதம், 2020-இன் முதல் அலையில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பிற பணியாளர்களின் துணையுடன் ஆறு நோயாளிகள் வரை கவனிக்கலாம் என்னும் அளவுக்குத் தளர்த்தப்பட்டது. இத்தகைய தளர்வு தவிர்க்க இயலாததாயினும், அது நீடிக்க நீடிக்க அறத்துயரமும் பெருகும். கவச உடையைக் களைந்து நீர் அருந்துவதற்கான இடைவேளையைப் பணிப்பட்டியலிலேயே சேர்த்தல், தொடர்ச்சியான இரவுப்பணிகளைக் குறைத்தல், புதிய பிரிவுக்கு மாற்றப்படுவோருக்கு முன்பயிற்சி அளித்தல், தொற்றுக்குள்ளானோருக்கு ஊதியத்துடன் விடுப்பு வழங்குதல் ஆகியன அடுத்து வருவன. அதிர்ச்சிக்குப்பின் அனைவரையும் கட்டாயமாக ஒரே அமர்வில் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் செய்வது பயன்தராது என ஆய்வுகள் காட்டுவதால், தொடர்ந்து கவனித்துத் தேவைப்படுவோரைச் சிகிச்சைக்கு அனுப்புவதே ஏற்றது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

விடுமுறை நாளிலும் தீராத களைப்பு, சிறு செய்திக்கும் சினம், உறக்கமின்மை, நோயாளிகள்மீது உணர்வற்ற தன்மை, உறக்கத்திற்காக மதுவையோ மாத்திரையையோ நாடுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுவது நல்லது. வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் எழுந்தாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது. இந்தியாவில் டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இரவுப்பணி முடிந்து வருபவரைப் பகலில் தடையின்றி உறங்கவிட்டு, வீட்டுவேலைகளைப் பகிர்ந்துகொள்வது குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவியாகும்.

தொற்று ஓய்ந்த பின்

2003-இல் கனடாவின் டொரான்டோ நகரைத் தாக்கிய சார்ஸ் நோய் அடங்கி ஓராண்டுக்கு மேலான பின்னரும், அந்நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்களிடம் பணிச்சோர்வும் மனத்துயரும் மிகுந்திருந்ததையும், அவர்களுள் சிலர் பணிநேரத்தையும் நோயாளிகளோடான தொடர்பையும் குறைத்துக்கொண்டதையும் ஆய்வு ஒன்று பதிவு செய்துள்ளது. போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தோரிடம் இப்பாதிப்பு குறைவாகவே இருந்தது. அடுத்த பெருந்தொற்றில் நோயாளிகளைக் கவனிக்கப்போகிறவர்களுள் பலர் சென்ற பெருந்தொற்றில் களைத்துப்போன அதே செவிலியரே ஆதலால், அவர்களுக்கான ஆள்பலமும் ஓய்வும் பயிற்சியும் நோய் இல்லாத காலத்திலேயே உறுதி செய்யப்பட வேண்டியவையாகும்.