எரியாத நீல விளக்கு

தீபாவளிக்காக ஓர் அட்டையில் புள்ளிக் கோலம் வரைந்து, புள்ளிதோறும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்த முயன்றேன். விளக்கு எரிகிறதா என்று பார்க்க, 9 வோல்ட் மின்கலத்தை ஒரு சிவப்பு விளக்குடன் நேரடியாக இணைத்தேன். அது ஒரு கணம் பளிச்சென்று மின்னியது. அதன்பின் எரியவே இல்லை!

எல்.இ.டி.யின் இயல்பே இதற்குக் காரணம். குறிப்பிட்ட மின்னழுத்தம் கிடைக்கும்வரை அதன் வழியே மின்னோட்டம் பாய்வதில்லை என்றே சொல்லலாம். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு, மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் மளமளவென உயர்ந்துவிடும். சிவப்பு விளக்கிற்கு அந்த எல்லை சுமார் 2 வோல்ட். நீலத்திற்கும் வெள்ளைக்கும் சுமார் 3 வோல்ட். 5 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண விளக்கு பொதுவாக 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும்.

விளக்கைச் சோதிக்க 3 வோல்ட் நாணய மின்கலமே போதும். விளக்கின் நீண்ட கால் நேர்முனை. குட்டையான கால் எதிர்முனை. மின்கலத்தின் இருபுறமும் கால்களைத் தொடவைத்துப் பாருங்கள். இம்மின்கலத்தால் மிகுதியான மின்னோட்டத்தைத் தர இயலாது என்பதால் விளக்கு கெடாது. எரியவில்லையா? உடனே தூக்கி எறியாமல், கால்களை மாற்றி வைத்துப் பாருங்கள். சோதித்து முடித்ததும் மின்கலத்தைத் தம்பி தங்கையருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி, ரெசிஸ்டர் எனப்படும் மின்தடையத்தைத் தேர்ந்தெடுப்போம். 9 வோல்ட்டில் சிவப்பு விளக்கு 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 7 வோல்ட்டை மின்தடையம் ஏற்க வேண்டும். ஓம் விதிப்படி, 7 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 350 ஓம் வரும். கடையில் 350 ஓம் எளிதில் கிடைக்காது. 330, 390 ஆகியவை கிடைக்கும். எப்போதும் கூடுதலானதையே எடுங்கள். 390 ஓம் மின்தடையத்தில் செம்மஞ்சள், வெள்ளை, பழுப்பு ஆகிய வளையங்கள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் பெரும்பாலும் ஒரு பொன்னிற வளையமும் உண்டு. விளக்கின் ஒளி சிறிது குறையும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சியில் அடுத்த தவற்றைச் செய்தேன். ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு நீல விளக்கையும் பக்க இணைப்பில் வைத்து, இரண்டிற்கும் ஒரே மின்தடையத்தைப் பொருத்தினேன். சிவப்பு எரிந்தது, நீலம் எரியவில்லை. நாணய மின்கலத்தில் சோதித்தபோது அதே நீல விளக்கு நன்றாக எரிந்ததே! சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அங்கு மின்னழுத்தம் சுமார் 2 வோல்ட்டிலேயே நின்றுவிடுகிறது. நீலத்திற்கு அது போதாது.

ஒவ்வொரு விளக்கிற்கும் தனி மின்தடையம் வைப்பதே இதற்கு வழி. நீலத்திற்குக் கணக்கிட்டால் 300 ஓம் வந்தது. 330 ஓம் மின்தடையங்களை வாங்கிவந்தேன். கடைசி நீலப் புள்ளி எரிந்தபோது இரவு மணி பதினொன்று.