மாதிரி ரயிலும் இரு தலைமுறைக் கருவிகளும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு ரயில்வண்டியின்பால் தனிப் பற்று உண்டு. வீட்டுத் தரையில் ஓடும் மாதிரி ரயிலைப் பற்றி இங்கு எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கியவுடன் பழையதைப் பரணில் ஏற்றிவிடுவது பலரது வழக்கம். அது வேண்டாத வேலை என்பது நம் கருத்து.

ஜெர்மனியில் 1859-இல் தோன்றிய மார்க்லின் நிறுவனம் 1985-இல் தன் டிஜிட்டல் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு முன்னர், தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் அத்தடத்தில் நிற்கும் எல்லா எஞ்சின்களும் சேர்ந்தே விரையும். புதிய முறையிலோ தண்டவாளத்தில் மின்சாரத்தோடு சங்கேதச் செய்தியும் ஓடும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. உள்ளிருக்கும் டிகோடர் தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் ஏற்கும். இவ்வாறு 80 எஞ்சின்களையும் 256 பாயிண்டுகளையும் ஆளலாம். அக்காலத்துப் பெட்டியின் சிவப்புக் குமிழைத் திருகிப் பழகிய கை, இன்றைய தொடுதிரையில் தடுமாறுவது இயல்பே. பேரன் திரையைத் தொட, தாத்தா குமிழைத் திருக, இருவரும் ஒரே தடத்தில் வண்டி ஓட்ட இயலுமா? இயலும்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. இரு பெட்டிகளின் தண்டவாளக் கம்பிகளையும் ஒரே தடத்தில் இணைத்தல் கூடவே கூடாது. இரு மின்னோட்டங்களும் மோதி, விலையுயர்ந்த பெட்டி நொடியில் கெட்டுப்போகக் கூடும். தடத்துக்கு மின்சாரம் ஊட்டும் உரிமை புதிய பெட்டி ஒன்றுக்கே உரியது.

அவ்வாறாயின் பழையது என் செய்யும்? கட்டளை மட்டும் சொல்லும். ஈசு நிறுவனத்தின் ஈகோஸ் பெட்டியில் 'ஸ்னிஃபர்' என்றொரு வாயில் உள்ளது; மோப்பம் பிடிப்பது என்பது அதன் பொருள். பழைய மார்க்லின் 6021 பெட்டியிலிருந்து தண்டவாளத்துக்குச் சென்ற சிவப்பு, பழுப்புக் கம்பிகளைக் கழற்றி இவ்வாயிலில் மாட்டவேண்டும். பழைய பெட்டி தண்டவாளத்தோடு பேசுவதாகவே எண்ணிப் பேசிக்கொண்டிருக்கும். புதியது அதனை ஒட்டுக்கேட்டுத் தன் மொழியில் எஞ்சினுக்கு உரைக்கும். பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்மாற்றி வைத்தல் நலம். மார்க்லினின் புதிய மையப் பெட்டிகளுக்கெனக் 'கனெக்ட் 6021' என்ற இணைப்புக் கருவியும் வந்தது.

இதில் ஒரு நயம் உண்டு. 2004-இல் வந்த எம்.எஃப்.எக்ஸ். எஞ்சின்கள் தடத்தில் வைத்தவுடன் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்பவை. பழைய பெட்டி அவற்றின் மொழியை அறியாது. எனினும் ஈகோஸில் அவற்றுக்கு ஒரு ஸ்னிஃபர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பழைய குமிழுக்கும் அவை கட்டுப்படும்.

குறைகளும் உள. பழைய பெட்டி அறிந்தது விளக்கையும் மேலும் நான்கு செயல்களையுமே. புதிய எஞ்சினின் பல்வகை ஒலிகளுக்குத் திரையைத்தான் நாடவேண்டும். திரையில் வேகத்தைக் குறைத்தாலும் பழைய குமிழ் இருந்த இடத்திலேயே நிற்கும். அதை மறந்து சிறிது திருகினால் வண்டி திடுமெனப் பாயும். ஆதலின் ஓர் எஞ்சினை ஒரு நேரத்தில் ஒருவரே ஓட்டுவது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்டுகளைப் பற்றிக் கவலை வேண்டா. மேசைக்கடியில் உள்ள பழைய டிகோடர்களுக்குப் புதிய பெட்டியின் பேச்சும் புரியும்.